உதவி: டிஸ்க் முட்டிப் போச்சு, பாஸ்வேட் அடிச்சாத் திரும்ப லொகினுக்கே வருது (அவசரம்)

படக்காரன்_திருநெல்வேலி · காலை 8.41
வணக்கம். கடைக் கொம்பியூட்டரில டிஸ்க் ஃபுல் எண்டு காட்டிச்சுது. ரீபூட் பண்ணினாப் பிறகு பாஸ்வேட் அடிக்க ஒருக்காக் கறுத்துப்போட்டுத் திரும்ப லொகினுக்கே வந்து நிக்குது. பின்னேரம் கலியாண அல்பம் ஒண்டு குடுக்க வேணும். ஆராவது கெதியாச் சொல்லுங்கோ.

மின்ட்_பெடியன் · 8.47
எந்த லினக்ஸ், எந்த வேர்சன்? டிஸ்க் எவ்வளவு ஜிபி? ஹோம் (உங்கட கோப்புக் கிடக்கிற ஃபோல்டர்) தனிப் பாட்டிசனோ, டிஸ்க்கின்ர தனித் துண்டோ?

சுன்னாகம்_கறண்ட் · 8.52
ஜேர்னல் லொக்தான் (மிசின் தன்ர நடப்பை எழுதி வைக்கிற கோப்பு), வேற ஒண்டுமில்லை. கறண்ட் போய்ப் போய் வர லொக் ஊதும். «ஜேர்னல்சிரிஎல் --வக்கியூம்-சைஸ்=200எம்» அடியுங்கோ, சரிவரும்.

ரூட்டண்ணை · 9.03
காய்ச்சல் எண்டு சொல்லிக்கொண்டு உடம்பை வீட்டில விட்டிட்டு வந்த மாதிரிக் கிடக்கு. தம்பி, லொகின் திரையில நிண்டுகொண்டு கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூண்டையும் சேத்து அமத்துங்கோ. கறுப்புத் திரை வரும், அதில லொகின் ஆகும். டெஸ்க்டொப் உள்ள வரேக்க ஹோமில சின்னச் சின்னக் கோப்பு எழுத வேணும், இடமில்லாட்டி விழுந்திடும். கறுப்புத் திரைக்கு அந்தத் தேவை இல்லை.

பிறகு டிஸ்க்கில இடம் எவ்வளவெண்டு காட்டுற «டிஎஃப் -எச்», கோப்பு எண்ணிக்கைக்கான ஐநோட் எவ்வளவெண்டு காட்டுற «டிஎஃப் -ஐ» ரெண்டும் அடிச்சு வாறதைப் போடுங்கோ. இங்க ஒலியைத்தான் எழுதிறம், நீங்கள் இங்கிலீசில அடியுங்கோ. கொப்பி பண்ணி ஒட்டுறதை விட ஒவ்வொரு எழுத்தாப் பாத்து அடிக்கிறது இந்த வேலைக்கு நல்லது.

படக்காரன்_திருநெல்வேலி · 9.31
உபுண்டு 22.04. எஸ்எஸ்டி 120 ஜிபி, ஒரே பாட்டிசன். லொக் வக்கியூம் அடிச்சன், ஏதோ கொஞ்சம் போச்சுது. இறக்கி வைச்ச பொதியளை அழிக்கிற «ஏபிரி கிளீன்» அடிக்க 1 ஜிபி போச்சுது. ரூட் பாட்டிசனில ( / எண்டது) சைஸ் 109, யூஸ்ட் 108, அவெயில் 0. லூப் எண்டு கனக்கக் கிடக்கு, எல்லாம் 100%. ஐநோட் 9%.
1 ஜிபி அழிச்ச பிறகும் அவெயில் ஏன் 0?

மின்ட்_பெடியன் · 9.36
லூப் 100% எல்லாம் ஸ்னாப் (உபுண்டுவின்ர அப் பொதியள்). வாசிக்க மட்டுமான படிமம், எப்பவும் 100% தான் காட்டும், விடுங்கோ. ஆனா ஸ்னாப் தேவையோ எண்டது வேற கேள்வி. மின்ட் லினக்ஸுக்கு மாறினா உந்தச் சனியன் இல்லை.

வடலி · 9.40
ஈஎக்ஸ்ரி4 இல (டிஸ்க்கில கோப்பு அடுக்கிற முறை) 5% இடத்தை ரூட்டுக்கெண்டு, அதாவது மிசினின்ர நிர்வாகிக் கணக்குக்கெண்டு ஒதுக்கி வைக்கும். 109 இல கிட்டத்தட்ட ஐஞ்சரை ஜிபி. அதைக் குறைக்கலாம்: «ரியூன்2எஃப்எஸ் -எம் 1», பின்னுக்கு உங்கட பாட்டிசன். நாலு ஜிபிக்கு மேல கிடைக்கும்.

ரூட்டண்ணை · 9.52
வடலி, கணக்கைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. 109 இல 108 போட்டுது. ஒதுக்கை 1% ஆக்கினாலும் ஒரு ஜிபி ஒதுக்கில போகும், மிச்சம் பூச்சியம்தான். தம்பி அழிச்ச 1 ஜிபியும் அந்த ஒதுக்குப் பள்ளத்துக்குள்ளதான் விழுந்தது, அதுதான் அவெயில் அசையேல்லை.

உங்க ஒரு துப்புக் கிடக்கு, ஒருத்தரும் காணேல்லை. ஒதுக்கின 5% ஐச் சாதாரண யூசர் தொட ஏலாது. அதையும் சேத்துத் தின்டிருக்கெண்டா எழுதினது ரூட். டவுன்லோட் ஃபோல்டரைத் தேடுறதை விட்டிட்டு ரூட்டில ஓடுற வேலை என்னெண்டு பாருங்கோ. முதல்ல எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் எடுக்குதெண்டு ரூட்டா நிண்டு எண்ண «சூடோ டியூ -எக்ஸ்எச் --மக்ஸ்-டெப்த்=1 /» அடியுங்கோ. எக்ஸ் கட்டாயம், இல்லாட்டி வெளி டிஸ்க்கையும் சேத்து எண்ணும்.

படக்காரன்_திருநெல்வேலி · 10.08
மொத்தம் 46 ஜி. ஹோம் 31, யூஎஸ்ஆர் 9, வார் 5. அப்ப மிச்சம் 62 எங்க??

சுன்னாகம்_கறண்ட் · 10.11
லொக்.

மின்ட்_பெடியன் · 10.13
லொக் கிடக்கிற வார் முழுக்க 5 எண்டு சொல்லியாச்சு அண்ணை. ஜேர்னலும் தன்ர பாட்டில 4 ஜிபிக்கு மேல போகாது, அது அதின்ர உச்சவரம்பு.

பனங்காய் · 10.15
அழிச்ச கோப்பை ஏதோ புரோகிராம் இன்னும் திறந்து வைச்சிருந்தா டியூவுக்குத் தெரியாது, டிஎஃப்புக்குத் தெரியும். «எல்எஸ்ஓஎஃப் +எல்1» பாருங்கோ.

வடலி · 10.17
நல்ல யோசனை, ஆனா ரீபூட் பண்ணினவர். ரீபூட்டோட அதெல்லாம் விடுபட்டிடும்.

ரூட்டண்ணை · 10.20
வெளி டிஸ்க் ஏதும் பூட்டியிருக்கோ? பக்கப் ஓடுதோ? எதில, எப்பிடி? எஃப்எஸ்ராப்பில (பூட் ஆகேக்க எந்த டிஸ்க்கை எங்க பூட்டிறதெண்ட பட்டியல்) என்ன கிடக்கு? கேக்காமல் ஒண்டும் வராது போல.

படக்காரன்_திருநெல்வேலி · 10.44
ஓம், அது சொல்லேல்லை. 1 ரிபி யூஎஸ்பி டிஸ்க், /எம்என்ரி/பக்கப் இல. எஃப்எஸ்ராப்பில நோஃபெயில் போட்டுக் கிடக்கு. ராவு 11க்கு ரூட்டின்ர குரோன் (நேரம் வைச்சு வேலை ஓட்டுறது) அதுக்குக் கொப்பி பண்ண «ஆர்சிங்க் -ஏ» ஓட்டும். வயர் பழுதாப்போய் ரெண்டு மூண்டு கிழமையா டிஸ்க் கழட்டிக் கிடந்தது. நேற்றுப் புது வயர் வாங்கிப் பூட்டி ரீபூட் பண்ணினன். பக்கப்பில கிடக்குதானே எண்டு முடிஞ்ச கலியாணங்களை ஹோமில இருந்து அப்பப்ப அழிச்சிடுவம்.

வடலி · 10.46
ஐயோ.

ரூட்டண்ணை · 10.58
இப்ப ஒண்டையும் அழிக்காதேங்கோ. வடிவா வாசியுங்கோ.

டிஸ்க் இல்லாத நாளில /எம்என்ரி/பக்கப் வெறும் ஃபோல்டர், எஸ்எஸ்டியில கிடக்கிற ஃபோல்டர். நோஃபெயில் போட்டதால மிசின் சத்தமில்லாமப் பூட் ஆகியிருக்கு, ஆர்சிங்க் பாவம் அந்த வெறும் ஃபோல்டருக்குள்ள எழுதியிருக்கு. நேற்று நீங்கள் யூஎஸ்பியைப் பூட்ட அது மேல வந்து மூடிப்போட்டுது. கிணத்துக்கு மூடி போட்டாத் தண்ணி இல்லையெண்டு ஆகாதே. 62 ஜிபியும் அடியில கிடக்கு. அந்த மூண்டு கிழமைக் கலியாணங்களை ஹோமில அழிச்சிருந்தா, உலகத்தில அதுக்கு இருக்கிற ஒரே கொப்பி அதுதான்.

அடியைப் பாக்கிற வழி: ஒரு ஃபோல்டர் /ரன் உக்குள்ள, «சூடோ எம்கேடிர் /ரன்/அடி». ரன் மெமறியில இருக்கிறது, டிஸ்க்கில இடம் கேக்காது. பிறகு «சூடோ மவுண்ட் --பைண்ட் / /ரன்/அடி», அது எஸ்எஸ்டியை மூடியில்லாமல் அதுக்குள்ள காட்டும். ஆர்பைண்ட் இல்லை, பைண்ட். ஆர்பைண்ட் போட்டா மூடியும் சேந்து வரும். இப்ப «சூடோ டியூ -எஸ்எச் /ரன்/அடி/எம்என்ரி/பக்கப்».

படக்காரன்_திருநெல்வேலி · 11.09
62ஜி எண்டு காட்டுது!! ஆனா உள்ளுக்கு ஃபோல்டர் பேரெல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியுது. உடைஞ்சு போச்சோ?

மின்ட்_பெடியன் · 11.11
இல்லை, பயப்பிடாதேங்கோ. தமிழில பேர் வைச்சிருக்கிறியள் போல. அந்தக் கறுப்புத் திரையின்ர எழுத்துருவில ஆகக் கூடினது 512 உருத்தான் இருக்கலாம், தமிழ் வராது. கோப்பு அப்பிடியே கிடக்கும்.

பனங்காய் · 11.14
தமிழில எண்ட உடன ஒண்டு. இழையின்ர தலைப்பில வட்டு எண்டு எழுதியிருக்கலாமே, ஏன் டிஸ்க்?

சுன்னாகம்_கறண்ட் · 11.16
எஸ்எஸ்டிக்குள்ள சுத்திற வட்டு எங்க கிடக்கு? சிப் தான் கிடக்கு. டிஸ்க் எண்டதும் பிழை, வட்டு எண்டதும் பிழை, வன்தட்டு எண்டா அதைவிடப் பிழை.

பனங்காய் · 11.19
அப்ப மரத்தில செய்யாத கட்டிலைக் கட்டில் எண்டு சொல்லுறேல்லையோ?

வடலி · 11.21
கட்டிலுக்கும் மரத்துக்கும் என்ன, கட்டுறதுதானே கட்டில்.

மின்ட்_பெடியன் · 11.24
சேமிப்பகம் எண்டு சொன்னா எல்லாருக்கும் பொருந்தும். இதுக்கு ஒரு இழை திறவுங்கோ, மனுசன் அல்பம் குடுக்க வேணும்.

ரூட்டண்ணை · 11.30
தம்பி, மேல நடக்கிற பட்டிமன்றத்தை விடுங்கோ.

1. «சூடோ ஆர்சிங்க் -ஏயூ /ரன்/அடி/எம்என்ரி/பக்கப்/ /எம்என்ரி/பக்கப்/». முதல் பாதையின்ர கடைசிச் சாய்கோட்டை விட்டா பக்கப்புக்குள்ள இன்னொரு பக்கப் வந்திடும். யூஎஸ்பி 2 போர்ட்டில பூட்டியிருந்தா அரை மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும்.

2. சரிபார்ப்பு: அதே ரெண்டு பாதையோட «ஆர்சிங்க் -ஆர்என்சிஐ». என் எண்டது எழுதாது, சி ஒவ்வொரு கோப்பையும் முழுக்க வாசிச்சு ஒப்பிடும். ஒரு வரியும் வராட்டித்தான் அடியில கிடக்கிறதெல்லாம் யூஎஸ்பியிலயும் அப்பிடியே கிடக்கெண்டு அர்த்தம். வரி வந்தா நிப்பாட்டிப்போட்டு இங்க போடுங்கோ.

3. «சூடோ யூமவுண்ட் /ரன்/அடி», «சூடோ யூமவுண்ட் /எம்என்ரி/பக்கப்». அதோட யூஎஸ்பி வயரைக் கையால கழட்டுங்கோ. சிரிக்காதேங்கோ. பாதையில ஒரு சொல் தவறினா உண்மையான பக்கப்பை அழிச்சிடுவியள், வயர் வெளியில இருந்தா அதுக்கு வழியே இல்லை. பிறகு «சூடோ ஃபைண்ட் /எம்என்ரி/பக்கப் -மின்டெப்த் 1 -டிலீட்».

4. வெறுமையான பிறகு «சூடோ சிஎச்அற்றர் +ஐ /எம்என்ரி/பக்கப்». இனி டிஸ்க் இல்லாட்டி ரூட்டாலையும் அதுக்குள்ள எழுத ஏலாது. மேல டிஸ்க்கை மவுண்ட் பண்ண (பூட்ட) அது தடையில்லை.

குரோனில ஆர்சிங்க்குக்கு முன்னால «மவுண்ட்பொயின்ட் -கியூ /எம்என்ரி/பக்கப் &&» சேருங்கோ, டிஸ்க் பூட்டியிருந்தாத்தான் ஆர்சிங்க் ஓடும். மூண்டு சொல்லு. இது இருந்திருந்தா இந்த இழையே இல்லை.

வடலி · 11.38
நோஃபெயிலை எடுத்து விட்டா என்ன?

ரூட்டண்ணை · 11.41
வயர் கழண்ட அண்டைக்கு மிசின் எமர்ஜென்சி மோட்டில போய் நிக்கும். கடையில நிக்கிற பெடியன் உங்களுக்குத்தான் கோல் எடுப்பான். இருக்கட்டும்.

படக்காரன்_திருநெல்வேலி · பின்னேரம் 2.56
வந்திட்டுது!! 45% காட்டுது, லொகினும் ஆகுது. அல்பம் பிரின்ட் போகுது. எல்லாருக்கும் நன்றி.

ரூட்டண்ணை · 2.59
ரெண்டாவது படி ஓட்டினியளோ? வரி ஏதும் வந்ததோ?

ரூட்டண்ணை · அடுத்த நாள், காலை 7.20
தம்பி?

சுன்னாகம்_கறண்ட் · 7.34
லொக்கைப் பாத்தாத் தெரியும்.