ரப்பர் மறுநடவு: விளையின் தலைப்பகுதியில் நிற்கும் காட்டையும் வெட்டி அகற்றலாமா?

கேள்வி (குலசேகரம்)

மலைச்சரிவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் விளை (தோட்டநிலம்) இருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் அப்பா நட்ட ரப்பர் நின்றது. பால் வெட்டும் பட்டை தீர்ந்து பாலும் குறைந்துபோனதால் சென்ற மாதம் மரங்களைத் தடிக்கு விற்றுவிட்டோம். மீதி அரை ஏக்கர் செங்குத்தான தலைப்பகுதி. அங்கே அயினி என்னும் காட்டுப்பலாவும் மருதும் கொடிகளுமாக அடர்ந்து, அதை ஒட்டியிருக்கும் காப்புக்காட்டின் தொடர்ச்சிபோலவே நிற்கிறது. மறுநடவுக்கு ஜேசிபி வரும்போதே அதையும் வெட்டி அகற்றிப் படிப்படியாகத் தளம் வெட்டினால் நூறு மரம் கூடுதலாக வைக்கலாம் என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். அடுத்த ஏழு ஆண்டுகளுக்குப் பால் வருமானம் இல்லாத நிலையில், அந்த இடத்தைச் சும்மா போட்டு வைப்பது சரியா?

பதில் 1 (மார்த்தாண்டம், ரப்பரும் தேனும்)

மைத்துனர் சொல்லும் நூறு மரமும் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகுதானே பால் தரும்? இப்போதைய பணமுடைக்கு அது விடையாகாது. வெயில் படும் ஒன்றரை ஏக்கரில் வரிசைகளுக்கு இடையே மூன்று ஆண்டுகள் அன்னாசியோ மட்டி வாழையோ வைத்து எடுக்கலாம். நிழல் மூடிய பிறகு அதுவும் நடக்காது.

தேனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்ந்து, தளிர் விரியும்போது இலைக்காம்பின் நுனியில் ஊறுவதைத்தான் தேனீ எடுக்கிறது. மாசி, பங்குனியில் பெட்டி நிறையும். ஆனால் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியபின் ரப்பருக்குள் தேனீக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்றுகிறேன். காட்டோரம் வைத்த பெட்டிகளுக்கு மட்டும் பாகுச் செலவு எனக்குக் குறைவாக இருக்கிறது.

பதில் 2 (சுசீந்திரம், வயல் விவசாயி)

கன்னிப்பூ (முதல் போக நெல்) நடவுக்கு நாங்கள் பேச்சிப்பாறைத் தண்ணீரை நம்பி இருக்கிறோம். 1906-இல் கட்டி முடித்த அந்த அணைக்குத் தண்ணீரைச் சேர்த்துக் கொடுப்பது மேலே நிற்கும் காடுதான். செங்குத்துச் சரிவில் இயந்திரம் இறக்கிப் புரட்டிய செம்மண், முதல் மழையிலேயே ஓடைக்கு வந்துவிடும். ஆனி மாதம் கால்வாயில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே, மேலே எங்கோ மண் வெட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் சொல்லிவிடுவார்கள். ஒன்றரை ஏக்கரிலும் சமமட்டத் தளம் வெட்டி, நீர்க்குழி எடுத்து, உடனே புவேரியா என்ற மூடுகொடியை விதைத்து மண்ணை மூடுங்கள். வயலைத் தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாற்றிவிட்ட நாங்கள் மலைக்காரர்களுக்குப் புத்தி சொல்வது அழகில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பதில் 3 (மாறாமலைப் பக்கம், கிராம்புத் தோட்டம்)

கோடரி வைப்பதற்கு முன் உங்கள் புல எண், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்று பாருங்கள். வருமானால், மரம் வெட்டுவதற்கு மட்டுமல்ல, நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும்கூட மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு: முன்பே மொட்டையடித்தவர் நிம்மதியாக இருக்கிறார், மரத்தை விட்டு வைத்தவர் மனுவோடு அலைகிறார். காட்டைக் காக்க வந்த சட்டமே, விளையில் தானாக முளைக்கும் கன்றைப் பிடுங்கியெறியும் பயத்தை விவசாயிக்குக் கொடுத்துவிட்டது. மரத்தை நிறுத்தியவனுக்கு அரசு ஏதாவது தர வேண்டும். தரும்வரை மரமே தரட்டும் என்பது என் வழி.

அயினியின் அடியில் நல்லமிளகுக் கொடி ஏற்றுங்கள், மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அதுவும் ஏழெட்டு ஆண்டு காத்திருக்கும் பயிர். மொட்டு விரிவதற்குள் ஏணி வைத்துப் பறிக்க ஆள் வேண்டும், அந்த ஆள்தான் கிடைப்பதில்லை. ஆகவே பத்துக் கன்றுக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஜேசிபியைக் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்கிறேன். புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரிக்கக் கொடுத்திருக்கிறேன். இடவப்பாதிக்கு முப்பது மிளகுக் கொடி நடலாம் என்று எண்ணம். மைத்துனர் முழுதாக இணங்கவில்லை. நான்கு தேன்பெட்டி வாங்கிக் கொடுத்தால் தலைப்பகுதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மார்த்தாண்டத்துக்காரரே, கூட்டத்தோடு பெட்டி வாங்க எந்த மாதம் வரலாம்?