லோடு ஏத்தினா ஸ்டியரிங் லேசாகுது, வேன் அலையுது: 17 சீட்டர், ஏலகிரி டிரிப், உதவி வேணும்

அம்பத்தூர்_வேன்:
வணக்கம் அண்ணன்மாரே. இதுவரைக்கும் கால் டாக்ஸி ஓட்டிட்டு இருந்தேன். இப்ப செகண்ட் ஹேண்ட்ல 17 சீட்டர் டெம்போ டிராவலர் எடுத்திருக்கேன். காலியா ஓட்டினா ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆள் ஏறி, பின்னாடி டிக்கி நிறைய லக்கேஜும் வெச்சா, 60 தாண்டினதும் ஸ்டியரிங் லேசாகிடுது. மதுரவாயல் பைபாஸ்ல பக்கத்துல ஒரு கன்டெய்னர் லாரி கடந்து போனா வண்டி அப்படியே அலையுது. ராத்திரியில நான் டிம்லதான் போறேன், ஆனா எதிர்ல வர்றவன் எல்லாம் லைட் அடிச்சுக் காட்டுறான். அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்தாச்சு, டயரும் புதுசு.

அடுத்த வாரம் ஏலகிரிக்கு ஒரு குடும்பம் புக் பண்ணியிருக்கு, 17 பேர். அங்கேயே சமையலாம். அண்டா, அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை, ஆறு தண்ணி கேன். இடம் பத்தலைன்னா மேல கேரியர்ல கட்டிக்கலாம்ங்கறார் கஸ்டமர். பட்டறையில கேட்டா, பின்னாடி ஸ்பிரிங்ல இன்னொரு பட்டை (லீஃப்) சேர்த்துப் போட்டா சரியாகிடும்னு சொல்றாங்க. போடலாமா?

பூந்தமல்லி_டிரைவர்:
தம்பி, எதிர்ல வர்றவன் லைட் அடிக்கிறான்னு எழுதியிருக்கியே, விடை அதுலயே இருக்கு. பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்குது. நீ டிம்ல போட்டாலும் வெளிச்சம் அவன் கண்ணுலதான் அடிக்கும். அதே காரணத்தாலதான் ஸ்டியரிங்கும் லேசாகுது. உன் வண்டியில கோளாறு இருக்கிற மாதிரி தெரியலை. லோடு உக்கார்ற இடம்தான் தப்பு.

கணக்கா சொல்றேன். டிக்கி இருக்கிறது பின் அச்சுக்கும் பின்னால. உதாரணத்துக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 3.6 மீட்டர், டிக்கி லோடு பின் சக்கரத்துல இருந்து 1.2 மீட்டர் தள்ளின்னு வை. நீ 300 கிலோ வெச்சா பின் சக்கரத்துல 300 ஏறாது, 400 ஏறும். மிச்ச 100 முன்னாடி இருந்து கழண்டு வருது. பிரேக் அடிச்சா பெரும்பாலான வேலையைச் செய்றது முன் சக்கரம், திருப்புறதும் அதுதான். அந்த 100 கிலோவைத்தான் நீ இழக்கிறே.

பாடி_மெக்கானிக்:
பட்டை சேர்க்காதீங்க. வண்டி நிமிர்ந்து நிக்கும், பார்க்க நல்லா இருக்கும், அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக் தாங்குற எடை அதனால ஒரு கிலோகூட ஏறாது. சில வண்டியில பின் பிரேக்குக்கு லோடு பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருக்கும். பாடி எவ்வளவு தாழுதுன்னு பார்த்துதான் அது வேலை செய்யும். பட்டை போட்டு உயர்த்திட்டா, லோடு இருக்கும்போதே காலி வண்டின்னு அது நினைச்சுக்கும்.

முதல்ல ஒரு இஞ்ச் டேப் எடுங்க. சமதளத்துல வண்டியைக் காலியா நிறுத்தி, நாலு சக்கரத்துக்கு மேலயும் தரையில இருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதிக்கங்க. லோடு ஏத்தினதும் திரும்ப அளங்க. பின்னாடி இறங்கத்தான் செய்யும், அது சகஜம். முன்னாடி காலி வண்டியைவிட உயரமாயிருந்தா, டிரைவர் சொன்னதுதான். இடது வலது ரொம்ப வித்தியாசப்பட்டா பட்டை உடைஞ்சிருக்கலாம், பட்டையை வண்டியோட சேர்க்கிற ஷேக்கிள் புஷ்ஷும் பாருங்க. செகண்ட் ஹேண்ட் வண்டி இல்லையா, ஸ்டியரிங்கை சக்கரத்தோட இணைக்கிற டை ராடு எண்டையும் ஆட்டிப் பார்த்துடுங்க.

அம்பத்தூர்_வேன்:
அண்ணா, மொத்தம் எவ்வளவு ஏத்தலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சீட் கணக்கு மட்டும் பார்த்தா போதாதா?

பூந்தமல்லி_டிரைவர்:
போதாது. ஆர்.சி.யில லேடன் வெயிட் (லோடோட), அன்லேடன் வெயிட் (காலியா)னு ரெண்டு எண் இருக்கும். முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழி. ஆள், லக்கேஜ், நீ எல்லாம் அதுக்குள்ளதான். உன்னையும் சேர்த்து 18 பேர், ஆளுக்கு 65 கிலோன்னு போட்டாலே 1,170. பை ஆளுக்கு 10 கிலோன்னா 170. தண்ணி கேன் ஒண்ணு 20 கிலோ, ஆறுக்கு 120. அண்டா, அரிசியை எண்ணுறதுக்கு முன்னாடியே 1,460 ஆச்சு. கேரியர் அடிச்சிருந்தா, அந்தக் கம்பியோட எடையையும் சேர்த்துக்க.

சந்தேகம்னா மாதவரம், செங்குன்றம் பக்கம் எடை மேடையில ஏத்திப் பாரு. முன் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு தடவை, முழு வண்டியும் ஒரு தடவை. கழிச்சா பின்பக்க எடை வந்துடும். காலியா ஒண்ணு, லோடோட ஒண்ணு எடுத்துட்டா யாரையும் கேக்க வேண்டாம்.

கேரியர் பத்தி: பாய், தலையணை, தார்ப்பாய், வேற ஒண்ணும் வேண்டாம். அண்டாவையும் அரிசியையும் மேல ஏத்தினா வளைவுல வண்டி சாயும். ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பாரி, கபிலர், ஔவையார்னு பேர் வெச்சு போர்டு நட்டிருக்கான். அதைப் படிச்சு ரசிக்கிற நிலைமையில நீ இருக்கணும்.

கொளத்தூர்_டூர்ஸ்:
நான் குடும்ப டூர், கோயில் டூர் ஏற்பாடு பண்றவ. அண்ணா, ஓட்டறது நீங்க, ஆனா லோடைக் குறைக்க வேண்டியது புக்கிங் பேசும்போதே. தண்ணியை வாணியம்பாடியிலயோ மலை மேலயோ வாங்கிக்கலாம், அம்பத்தூர்ல இருந்து 120 கிலோ தண்ணியைச் சுமக்கறதுல என்ன அர்த்தம்? அண்டா, அடுப்பு, சிலிண்டர் தங்கற இடத்துலயே ஏற்பாடு பண்ணித் தரச் சொல்லுங்க, கஸ்டமரையே போன் போடச் சொல்லுங்க. ஆள் உக்கார்ற வண்டிக்குள்ள சிலிண்டர் வேண்டவே வேண்டாம். அதுல மட்டும் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்க்கறதில்லை.

இன்னொண்ணு, நடைபாதையில பை அடுக்கக் கூடாது. "கால் வெச்சுக்க மெத்துன்னு இருக்கு"ன்னு பெரியவங்களே சொல்வாங்க. புகை வந்தா அதே பையில தடுக்கித்தான் விழுவாங்க. பின் கதவுதான் அவசர வழின்னா அதை அடைச்சு லக்கேஜ் அடுக்கவும் கூடாது.

பூந்தமல்லி_டிரைவர்:
அம்மா சொல்றது சரி. எது எங்கேன்னு கேட்டா, கனமானது தரையில, பின் அச்சுக்கு முன்னால, சீட்டுக்கு அடியில. எடுத்துட்டுப் போயே ஆகணும்னா அரிசி மூட்டை முன் வரிசை சீட்டுக்கு அடியில போகட்டும். டிக்கியில துணிப்பை மட்டும், அதுவும் வலை போட்டு. சும்மா வெச்ச இரும்புச் சட்டி சடன் பிரேக்ல முன்னாடி பறந்து வரும். கடைசி வரிசையில நாலு தடியனுங்க உக்காருவானுங்க, அவனுங்களை நடுவுக்கு மாத்து. கூச்சப்படாத.

டயர் காத்து கிளம்பறதுக்கு முன்னாடி, டயர் சூடாகறதுக்குள்ள பார்க்கணும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அளவுல லோடுக்குள்ளது என்னவோ அது. கயிறு கட்டினா ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தி இழுத்துப் பாரு, முதல் அரை மணி ஓட்டத்துலதான் தளரும்.

அம்பத்தூர்_வேன்:
கஸ்டமர்கிட்ட பேசிட்டேன். தண்ணி, சிலிண்டர், அண்டா மூணுக்கும் சரின்னுட்டார். பைகளை சீட்டுக்கு அடியில மாத்தி, பக்கத்து வீட்டுப் பசங்களை உக்கார வெச்சு அவுட்டர் ரிங் ரோட்ல ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் கையில நிக்குது. டேப்ல முன்பக்கம் காலி அளவைவிட இப்ப கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கு. ஆனா புதுசா ஒரு தலைவலி: இன்னும் ரெண்டு பேர் வர்றாங்களாம், நடுவுல ஸ்டூல் போடலாமான்னு கேக்கறார்.

கொளத்தூர்_டூர்ஸ்:
முடியாதுன்னு இப்பவே சொல்லிடுங்க. பர்மிட்ல இருக்கிற சீட்டுக்கு மேல ஒரு ஆளுக்கு 200 ரூபாய் அபராதம், மோட்டார் வாகனச் சட்டம் 194ஏ. பணம் சின்னதுதான். ஆனா கூடுதல் ஆளை இறக்கி அவங்களுக்கு வேற வண்டி ஏற்பாடு ஆகற வரைக்கும் உங்க வண்டியை நகர விட மாட்டாங்க. அந்த ரெண்டு பேரை ஜோலார்பேட்டைக்கு ரயில்ல வரச் சொல்லுங்க, அங்கிருந்து மலைக்கு பஸ் இருக்கு.

பாடி_மெக்கானிக்:
இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. நியூட்ரல் வேண்டாம், டீசல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணவும் வேண்டாம், பெடலை லேசாக்குற பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. பிரேக்கை விடாம மிதிச்சுட்டே வராதீங்க, விட்டு விட்டு அழுத்துங்க. லைனிங் கருகுற வாடை வந்தா ஓரம் கட்டி ஆற விடுங்க, மேல தண்ணி ஊத்தாதீங்க. பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினதுன்னு பழைய ஓனருக்குத் தெரியலைன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. பழைய ஆயில்ல ஈரம் ஏறியிருந்தா சூட்டுல கொதிச்சு, பெடல் பொசுக்குன்னு கீழ போயிடும்.

அம்பத்தூர்_வேன்:
நாளைக்குக் காலையில வண்டியைக் கொண்டு வர்றேன் அண்ணா. ஆயில் மாத்தும்போதே அந்த வால்வு என் வண்டியில இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க.