வைலெத் செத்தா என் டெக்கும் சேர்ந்து சாகுது: கமாண்டர் டெக்குக்கு உதவி வேணும்

உலைக்கூடம்:
வணக்கம். மேஜிக் தி கேதரிங் கார்டு ஆட்டத்துல கமாண்டர் (ஒரு ஹீரோ கார்டைத் தலைவனா வச்சு, கூட 99 கார்டு சேர்த்து ஆடுற வகை) ஆடுறவங்க யாராவது என் டெக்கைப் பார்த்துச் சொல்லுங்க. 2020-ல் வந்த 'ஆர்ம் ஃபார் பேட்டில்' டெக்கை வாங்கி, அங்கங்க கார்டு மாத்தி ஆடிக்கிட்டிருக்கேன். கமாண்டர் 'வைலெத், சோல் ஆஃப் ஸ்டீல்'. பழக்கமில்லாதவங்களுக்காக: இறக்க மூணு மனா, அதாவது கார்டுக்குக் கொடுக்கிற மந்திர சக்தி (சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, மூணாவது எதுவும் ஆகலாம்), 2/2 (அடி 2, டஃப்னஸ் அதாவது தாங்குற அளவு 2), ட்ராம்பிள் உண்டு (தடுக்க வந்த உயிரியைக் கொன்னது போக மிச்ச அடி எதிராளிக்குப் போகும்). தாக்கும்போது வைலெத் மேல எத்தனை எக்விப்மென்ட் (ஆயுதம், கவசம்), ஆரா (மேல ஒட்டுற மந்திரம்) ஒட்டியிருக்கோ அத்தனை கார்டு எடுக்கலாம்.

ஓடுற அன்னிக்கு யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா பெரும்பாலும் இதுதான் கதை: மூணாவது டர்ன்ல வைலெத்தை இறக்குவேன், நாலாவது டர்ன் எனக்கு வர்றதுக்குள்ள எவனாவது ஒருத்தன் ஒத்தை மனாவுக்கு ஸ்வார்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் (உயிரியை எக்ஸைல் பண்ற, அதாவது ஆட்டத்தை விட்டே வெளியேத்துற கார்டு) போட்டு அனுப்பிடுவான். திரும்ப இறக்க ஒவ்வொரு தடவையும் ரெண்டு கூடும்: அஞ்சு மனா, அதுக்கப்புறம் ஏழு. கை காலி. மேசை மேல கத்தியும் சுத்தியலும் தூக்க ஆளில்லாம கிடக்கும்.

99 கார்டு கணக்கு: லேண்ட் (மனா தர்ற நிலம்) 33, மனா ராக் (மனா தர்ற கருவி) 4, எக்விப்மென்ட் 24, ஆரா 9, உயிரி 7. மிச்சம் 22 இன்ஸ்டன்ட், சோர்சரி (ஒரு தடவை போட்டா முடிஞ்சுபோற மந்திரம்). அதுல பாதிக்கு மேல மத்தவங்க உயிரியைக் கொல்றதுக்கு. இன்னும் பலமான ஆயுதமா வாங்கிப் போட்டா சரியாகுமா?

நாலாவது நாற்காலி:
ஆகாது. 24 ஆயுதமே அதிகம். ஆயுதம் ஒவ்வொண்ணுக்கும் இறக்க ஒரு தடவை, மாட்ட ஒரு தடவைன்னு ரெண்டு தடவை மனா கொடுக்கணும். உங்ககிட்ட இருக்கிறது 33 லேண்டும் 4 ராக்கும். மனாவே இல்லாத ஊர்ல ஆயுதக் கிடங்கு வச்சிருக்கீங்க.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். மூணாவது டர்ன்ல இறக்கியே ஆகணும்னு உங்களுக்கு யார் சொன்னது?

உலைக்கூடம்:
யாரும் சொல்லலைங்க. மூணு மனா கமாண்டர், சீக்கிரம் வந்தா சீக்கிரம் அடிக்கலாம்னுதான்.

நாலாவது நாற்காலி:
கணக்குப் போட்டுப் பாருங்க. மூணாவது டர்ன்ல வெறும் உடம்போட வந்தா, உங்க அடுத்த டர்ன் வரைக்கும் மூணு எதிராளியோட மூணு டர்ன் தாண்டணும். அதுக்குப் பதிலா ரெண்டாவது டர்ன்ல ஸ்விஃப்ட்ஃபூட் பூட்ஸை இறக்கி வைங்க. மூணாவதுல ஒரு மனா ராக். நாலாவதுல கையில அஞ்சு மனா: வைலெத்துக்கு மூணு, பூட்ஸ் மாட்ட ஒண்ணு, மிச்சம் ஒண்ணு. பூட்ஸ் ஹேஸ்ட் தரும், அதனால அதே டர்ன்ல தாக்கலாம். தாக்கினதும் ஒரு கார்டு. ஹெக்ஸ்ப்ரூஃபும் (எதிராளி குறிவைக்க முடியாது) வந்தாச்சு. அவங்களுக்குக் கிடைக்கிறது பூட்ஸ் மாட்டுறேன்னு நீங்க சொல்ற அந்த ஒரு நொடி மட்டும்தான். அதுக்குத்தான் மிச்ச ஒரு மனா: லோரன்ஸ் எஸ்கேப், காட்ஸ் வில்லிங், இந்த மாதிரி ஒத்தை மனா பாதுகாப்புக் கார்டு ஏதாவது. ஒரு டர்ன் தள்ளிப்போனாலும் வைலெத் உயிரோட இருக்கும்.

பூட்ஸ் கையில இல்லன்னா இன்னும் காத்திருங்க. கமாண்ட் ஸோன்ல (இறக்குற வரைக்கும் கமாண்டர் காத்திருக்கிற தனி இடம்) இருக்கிற வரைக்கும் யாராலயும் தொட முடியாது. மத்த எந்த கார்டுக்கும் இல்லாத வசதி அது.

பித்தளைப் பூண்:
அண்ணன் பூட்ஸ்னு சொன்னதும் கேக்குறேன், லைட்னிங் க்ரீவ்ஸ் இல்லையா? அதை மாட்ட மனாவே வேணாமே. அதுதான் பெஸ்ட்.

நாலாவது நாற்காலி:
வேற டெக்னா நானும் அதைத்தான் சொல்வேன் தம்பி. இதுல பார்த்துப் போடணும். க்ரீவ்ஸ் தர்றது ஹெக்ஸ்ப்ரூஃப் இல்ல, ஷ்ரௌட். எதிராளி மட்டுமில்ல, நீயே உன் வைலெத்தைக் குறிவைக்க முடியாது. எக்விப் பண்றதும் குறிவைக்கிறதுதான், ஆரா போடுறதும் அப்படித்தான். சிகார்டாஸ் எய்ட், ஹேமர் ஆஃப் நஸான் இதெல்லாம் தானா மாட்டிவிடும்னு நினைச்சா, அதுலயும் 'டார்கெட்'னு எழுதியிருக்கு. காலுல க்ரீவ்ஸ் இருந்தா ஒண்ணும் ஏறாது.

வழி இல்லாம இல்ல. க்ரீவ்ஸைக் கழட்டி இன்னொரு உயிரிக்கு மாட்டு, வைலெத்துக்கு வேண்டிய ஆயுதத்தை ஏத்து, கடைசியில க்ரீவ்ஸைத் திருப்பிக் கொண்டுவா. ஆனா 'இன்னொரு உயிரி' வேணுமே! இவர் டெக்ல இருக்கிறது ஏழு.

கல்தச்சன்:
அந்த ஏழுதான் நோய். மனா கதையெல்லாம் அப்புறம்.

பூட்ஸே போட்டிருந்தாலும், கறுப்பு டெக் ஆடுறவன் ஃப்ளெஷ்பேக் மராடர் இறக்கினா என்ன பண்ணுவீங்க? 'ஒவ்வொருத்தரும் ஒரு உயிரியைப் பலி கொடுக்கணும்.' அது யாரையும் குறிவைக்காது, ஹெக்ஸ்ப்ரூஃப் சும்மா வேடிக்கை பார்க்கும். உங்ககிட்ட வைலெத் மட்டும் இருந்தா வைலெத்தான் போகணும். பக்கத்துல நோஞ்சான் ஒண்ணு நின்னா அது போகும், அவ்வளவுதான்.

அதுக்காகக் கண்ட உயிரியையும் போட வேண்டாம். ஸ்ராம், சீனியர் எடிஃபைசர்: ரெண்டு மனா, எக்விப்மென்ட், ஆரா ஒவ்வொண்ணு இறக்கும்போதும் ஒரு கார்டு. ப்யூர்ஸ்டீல் பாலடின்: அதுவும் ரெண்டு மனா, எக்விப்மென்ட் உள்ள வந்தா ஒரு கார்டு, மூணு ஆர்ட்டிஃபாக்ட் (எக்விப்மென்ட், மனா ராக் எல்லாம் இதுல சேரும்) சேர்ந்துட்டா எக்விப் எல்லாம் இலவசம். காசு இருந்தா ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக், வேணும்கிற ஆயுதத்தைத் தேடிக் கொடுக்கும். வைலெத் இல்லாத டர்ன்லயும் கார்டு வர வைக்கிறது இவங்கதான். ஹீரோ டெக்கைக் கட்டும்போது எல்லாரும் ஹீரோ இருக்கிற டர்னையே யோசிக்கிறாங்க. நீங்க தோத்த ஆட்டத்துல எல்லாம் ஹீரோ மேசையிலேயே இல்லையே.

ஆரா ஒன்பதையும் தூக்குங்க. வைலெத் போனா ஆரா நேரா கல்லறைக்குப் போகும். எக்விப்மென்ட் மேசையிலேயே நிக்கும்.

உலைக்கூடம்:
ஆராவைத் தூக்கிடுறேன். ஆனா ஆயுதத்தைக் குறைச்சா அடி குறையாதா? 21 சேதம் வரணுமே. ஒவ்வொரு தடவை வைலெத் செத்துத் திரும்பும்போதும் முதல்ல இருந்து எண்ண வேண்டியிருக்கு.

நாலாவது நாற்காலி:
நில்லுங்க. முதல்ல இருந்து எண்ணச் சொன்னது யாரு? கமாண்டர் சேதம் ஆட்டம் முடியிற வரைக்கும் சேர்ந்துக்கிட்டே போகும். வைலெத் நாலு தடவை செத்துத் திரும்பினாலும் கணக்கு அழியாது. ஒரே கமாண்டர் ஒரே ஆளுக்குப் போரில் 21 கொடுத்தா அவர் காலி, உயிர் நாப்பது இருந்தாலும் சரி. ஒரு தாளை வச்சு ஆளுக்கு ஒரு வரிசை எழுதுங்க. அந்த 21 எங்கிருந்து வந்ததுன்னா, 1994-ல் வந்த லெஜெண்ட்ஸ் தொகுப்புல அஞ்சு எல்டர் ட்ராகன், எல்லாம் 7/7. மூணு அடிக்கு 21. கமாண்டருக்கு முதல்ல எல்டர் ட்ராகன் ஹைலேண்டர்னுதான் பேரு.

உலைக்கூடம்:
அடப்பாவிகளா! எங்க மேசையில எல்லாருமே அழிச்சு அழிச்சு எழுதுறோம்.

கல்தச்சன்:
இப்ப தெரிஞ்சதுன்னு சொல்லிடுங்க, திடீர்னு நடு ஆட்டத்துல எடுத்துவிட்டா சண்டை வரும்.

அடி குறையாது. கலாஸஸ் ஹேமர் இருக்கா? இறக்க ஒரு மனா, +10/+10, ஆனா மாட்ட எட்டு. எட்டு யாரும் கொடுக்கப் போறதில்ல. சிகார்டாஸ் எய்ட் மேசையில இருந்தா உள்ள வரும்போதே ஒட்டிக்கும். வைலெத் 12/12. போரோஸ் சார்ம் போட்டு டபுள் ஸ்ட்ரைக் (ஒரே போர்ல ரெண்டு அடி) கொடுத்தா 24, ஒரே போர்ல ஆள் அவுட். குறுக்க ஒரு 1/1 வந்து நின்னாலும் ட்ராம்பிள் இருக்கு: முதல் அடியில 11, அது செத்துடும், ரெண்டாவதுல 12, ஆக 23. டஃப்னஸ் 3 வரைக்கும் பரவாயில்ல, சரியா 21. டஃப்னஸ் 4 வந்து நின்னா 20-ல நிக்கும், கை பிசைய வேண்டியதுதான். போரோஸ் சார்மும் குறிவைக்கிற கார்டு, க்ரீவ்ஸ் காலுல இருந்தா வேலைக்கு ஆகாது.

சிகார்டாஸ் எய்ட்ல இன்னொரு அழகு, எக்விப்மென்டுக்கு ஃப்ளாஷ் (நடுப் போர்லயும் இறக்கலாம்) கிடைக்கும். ப்ளாக் பண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து ஹேமரைப் போட்டா எதிராளிக்கு யோசிக்க நேரமே இல்ல. அதையே வைலெத்தோட கார்டு எடுக்கிற ட்ரிகர் நிலுவையில இருக்கும்போது போட்டா ஒரு கார்டு கூடுதலாக் கிடைக்கும், ஏன்னா எண்ணிக்கை அது முடியும்போதுதான் பார்க்கப்படும். ஆனா அப்ப அவங்க ஹேமரைப் பார்த்துட்டுத்தான் ப்ளாக் பண்ணுவாங்க. கார்டா, அதிர்ச்சியா, நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு அதிர்ச்சிதான் பிடிக்கும்.

பித்தளைப் பூண்:
டிஃப்ளெக்டிங் ஸ்வாட், ஃப்ளாலெஸ் மனூவர் ரெண்டும் யாரும் சொல்லலையே? கமாண்டர் மேசையில இருந்தா ரெண்டும் இலவசம். ஸ்வாட் வச்சு அந்த ஸ்வார்ட்ஸை அவன் உயிரி மேலயே திருப்பலாம்.

கல்தச்சன்:
நல்ல கார்டுங்க, ஸ்வாட் விலையைப் பார்த்துட்டு வாங்கச் சொல்லு. மனூவர் அழியாத்தன்மை மட்டும்தான் தரும், ஸ்வார்ட்ஸ் மாதிரி எக்ஸைல் பண்றதைத் தடுக்காது.

உலைக்கூடம்:
மாத்திட்டேன். லேண்ட் 36, ராக் 9 (ஸோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், போரோஸ் சிக்னெட், டாலிஸ்மன் ஆஃப் கன்விக்ஷன் எல்லாம் சேர்த்து), எக்விப்மென்ட் 15, உயிரி 15, ஆரா பூஜ்யம், பாதுகாப்புக்கு 10, மிச்சம் 14-ல ஒத்தை உயிரியைக் கொல்றதும், மேசையையே துடைச்சுப் போடுற 'போர்டு வைப்' கார்டும். சிகார்டாஸ் எய்ட் அந்த 14-ல இருக்கு. ப்ளாக்பிளேட் ரீஃபோர்ஜ்ட் வச்சுக்கிட்டேன், லெஜெண்டரி உயிரிக்கு மாட்ட மூணு மனாதான், லேண்டுக்கு ஒண்ணுன்னு +1/+1 ஏறுது.

கடைசியா ஒரு சந்தேகம். எங்க மேசையில ஒருத்தர் சைக்ளானிக் ரிஃப்டை ஓவர்லோட்ல போடுவார். என்னோடது லேண்ட் தவிர எல்லாம் கைக்குத் திரும்பும். அப்பவும் வைலெத்தை கமாண்ட் ஸோன்லதான் வைக்கணுமா?

நாலாவது நாற்காலி:
கட்டாயமில்ல. விருப்பப்பட்டா வைக்கலாம், வேணாம்னா கைக்குப் போகட்டும். கூடுதல் ரெண்டு ரெண்டு மனா கமாண்ட் ஸோன்ல இருந்து இறக்கும்போது மட்டும்தான். ஏழு மனாவுக்குப் போய் நின்ன வைலெத்தை, கையில இருந்து மூணு மனாவுக்கே இறக்கலாம். கையை விட்டுக் கார்டு கழிய வைக்கிற டெக் யாராவது எதிர்ல இருந்தா மட்டும் யோசிங்க. ரிஃப்ட் போட்டவர் உங்களைக் காலி பண்ணிட்டோம்னு நினைச்சு சாஞ்சு உட்காருவார், அடுத்த டர்ன்ல ஆயுதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்காம பூட்ஸையும் வைலெத்தையும் சேர்த்தே இறக்குங்க.