குறைந்தபட்சக் கூலி வரைவுக்கு ஆட்சேபணை மனு எழுதுவது எப்படி?

நூல்கண்டு (கேள்வி):
வணக்கம் தோழர்களே. தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியைத் திருத்தி அரசு வரைவு வெளியிட்டால், ஆட்சேபணை சொல்ல 2 மாதம் கிடைக்கும். தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து அனுப்பும் மனுவில் "விலைவாசி ஏறிப்போச்சு, கூலியை ஏத்துங்க" என்பதைத் தவிர என்ன எழுதலாம்? எந்தக் கணக்கு எடுபடும்?

படித்துறை:
1957-ல் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த கணக்குதான் அடிப்படை. ஒரு குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகு (வளர்ந்த ஒருவரின் தேவை ஓர் அலகு; கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 3). அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. பிறகு வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20%. ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு இன்னொரு 25% சேர்த்தது.

பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது இந்த 20%, 25% கணக்கில்தான். அவை சாப்பாட்டுச் செலவில் சதவீதம் அல்ல, மொத்தக் கூலியில் சதவீதம். உணவு, துணி, வாடகை சேர்ந்து 11,000 ரூபாய் என்று வையுங்கள். அதன்மேல் 45% கூட்டினால் 15,950 வரும், தப்பு. 11,000 என்பது மொத்தத்தில் 55%, ஆகவே 0.55-ஆல் வகுக்க வேண்டும்: 20,000. மாதம் 4,050 ரூபாயை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்!

விலைக்கு மளிகைக்கடை, காய்கறிச் சந்தை ரசீதுகளை இணையுங்கள். ரேஷனில் அரிசி இலவசம், பருப்பு 30 ரூபாய் என்று எதிர்த்தரப்பு கழிக்கப் பார்க்கும். ரேஷன் அரசு கொடுக்கும் மானியம். அதைக் காட்டி முதலாளி தன் கூலியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஊசிமுனை:
அடிப்படைக் கூலியை மட்டும் பார்த்துவிட்டு அறிவிப்பை மூடிவைக்காதீர்கள். கடைசியில் பஞ்சப்படி விளக்கம் இருக்கும்: சென்னை நுகர்வோர் விலைக் குறியீடு இத்தனை புள்ளிக்கு மேல் ஏறினால், புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று. முந்தைய ஜனவரி–டிசம்பர் சராசரியை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் அது மாறும். குறியீடு 80 புள்ளி ஏறினால், புள்ளிக்கு 1 ரூபாய் கூடுதலாகக் கேட்டு வாங்கியது மாதம் 80 ரூபாயாக நிற்கும். அடுத்த திருத்தத்துக்கு 5 ஆண்டு ஆகலாம். அதுவரை விலைவாசியோடு ஓடப்போவது இந்த எண்தான்.

வேலைப் பட்டியலையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். செக்கிங், பிசிர் வெட்டுதல், பேக்கிங் எந்தப் பிரிவில் வருகின்றன? பட்டியலில் பெயர் இல்லாத வேலை கடைசித் தரத்தில் போய் விழும். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் இருந்தால், 8 மணி நேர வரவு நாள் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்ற வாசகத்தைக் கேளுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் வழக்கத்தையும் தொடுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றரை நாள் கூலி கொடுக்கிறார்கள். மிகைநேரம் இரட்டிப்பு என்பதால் 8 + (4 × 2) = 16 மணிக் கூலி, அதாவது இரண்டு நாள் கூலி வர வேண்டும்.

படித்துறை:
அனுப்பும் விஷயம்: கெடு அரசிதழ் தேதியிலிருந்து ஓடுகிறது, பத்திரிகையில் செய்தி பார்த்த நாளிலிருந்து அல்ல. அறிவிப்பில் உள்ள முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். குறைந்தபட்சக் கூலி பற்றி அரசுக்கு யோசனை சொல்லும் ஆலோசனைக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். அரசாணை எண், இணைப்புப் பக்கம், வரிசை எண் குறிப்பிட்டு எழுதுங்கள். பொத்தாம் பொதுவான மனு கோப்போடு படுத்துவிடும். இறுதி அறிவிப்போடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தையல் தொழிலுக்கு 2014-ல் வந்ததை எதிர்த்து முதலாளிகள் போட்ட வழக்குகள் 2016-ல்தான் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின.

நூல்கண்டு:
நன்றி. வீட்டில் இருக்கும் வயதான பெற்றோரை அந்த 3 அலகில் சேர்க்க முடியுமா?

ஊசிமுனை:
அந்தக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவே 2019-ல் அலகை 3.6 ஆக உயர்த்தச் சொன்னது; அதைக் காட்டிக் கேளுங்கள். அதே அறிக்கை கலோரியை 2,400 ஆகக் குறைத்தது. அலகை மட்டும் எடுத்துக்கொண்டு கலோரியை விட்டால் எதிர்த்தரப்பு உடனே பிடித்துக்கொள்ளும். 2,700 ஏன் வேண்டும் என்பதற்கு, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்ற காரணத்தைத் தனியாக எழுதிவிடுங்கள்.