மதுரை டவுனில் ஒரு மாலை: கார் இல்லாமல் குடும்பத்தோடு எப்படிப் போவது?

கேட்டவர்: திருநகர்ப் புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதலில் கோவையிலிருந்து வந்து திருநகரில் குடியேறியிருக்கிறோம். நான், மனைவி, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா என வீட்டில் நால்வர். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள டவுன் பகுதிக்குக் காரில் போனால், வண்டியை எங்கே விடுவது என்று தேடுவதிலேயே மாலை கழிந்துவிடுகிறது. இடம் கிடைத்து நிறுத்திவிட்டு வந்தாலும் மனம் வண்டியிடமே நிற்கிறது. ஆகவே இனிப் பேருந்திலேயே சென்று, காலாற நடந்து, ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடைகளிலேயே சாப்பிட்டு, இந்த ஊரைப் பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கே இறங்கி எந்த வழியாக நடக்க வேண்டும், எந்த நேரத்தில் எது நன்றாக இருக்கும், அம்மாவை எப்படி அழைத்துச் செல்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா சைவம், மற்ற மூவரும் அசைவமும் சாப்பிடுவோம். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கடைக்கு வந்து போகிறவர்களாக மட்டும் இல்லாமல், டவுனில் இருக்கும் மனிதர்களோடு பழக்கம் ஏற்பட வழி உண்டா? கோவையில் எங்கள் தெருவில் எல்லோரையும் அறிவோம். இங்கே இன்னும் பக்கத்து வீட்டைத் தவிர யாரையும் தெரியாது.

பதில்: தெற்கு மாசிக்காரர்

நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள். மதுரை டவுனைக் காரில் பார்க்க முடியாது. இந்த வீதிகள் சுவாமி புறப்பாட்டுக்கும் தேருக்கும் நடந்து வரும் கூட்டத்துக்கும் அமைந்தவை. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று சேர்த்துவிட்டால் நீங்கள் நிற்கும் இடம் தெளிவாகிவிடும். வழி தவறினாலும் கோபுரத்தைப் பார்த்து நடந்தால் சித்திரை வீதிக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள் என்பதால், மகளைக் கூடத் தைரியமாக முன்னே நடக்கவிடலாம்.

திருநகரிலிருந்து பெரியார் நிலையத்துக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. அங்கே இறங்கி, மேல வெளி வீதியில் ரயில் நிலையம் இருக்கும் பக்கமாகச் சற்று நடந்து, டவுன் ஹால் ரோட்டில் கிழக்கே திரும்புங்கள். நேரே போனால் மேல மாசி வீதி வரும். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியது அந்த வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான். இப்போது அங்கே கதர் விற்பனை நிலையம் நடக்கிறது. மகளுக்கு அவசியம் காட்டுங்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்த ஓர் இடம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்று அறியும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாலை ஐந்து மணியளவில் வந்து சேர்வது நல்லது. முதலில் பருத்திப்பாலில் தொடங்குங்கள். பெரிய பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வைத்திருப்பார்கள். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சியிருப்பார்கள். அகப்பையால் அடிவரை கலக்கி மொண்டு, மேலே தேங்காய்த் துருவலைத் தூவித் தருவார்கள். சுக்கின் காரம் தொண்டையில் இறங்கும்போது தேங்காய் பல்லில் படும். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். முள்முருங்கைக் கீரையை மாவோடு அரைத்துத் தட்டிச் சுடும் வடை சில தெருக்களில் மாலையில் மட்டும் கிடைக்கும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைந்த தெற்கு மாசி வீதி, மகால் பக்கங்களில் விசாரியுங்கள். பொடி தூவிச் சூடாகத் தருவார்கள்.

பிறகு தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளைத் தாண்டி விளக்குத்தூண் பக்கம் வாருங்கள். அந்தத் தூண் பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நிற்பது. 1840களில் அவர்தான் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்கினார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்களே பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று இன்றும் வழங்குகின்றன. ஜிகர்தண்டாவை அங்கே நின்று சாப்பிடுவதுதான் முறை. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதன்மேல் ஐஸ்கிரீம் என்று கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள்.

இரவு உணவுக்குச் சிம்மக்கல் பக்கம் போய்க் கறி தோசை சாப்பிடலாம். கனமாக ஊற்றிய தோசையின் மேல் முட்டையை ஊற்றி, அதன்மேல் கொத்துக்கறியைப் பரப்பித் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்றை இருவர் பங்கிட்டுக்கொள்வதே நல்லது. அம்மாவுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மேல மாசி வீதிப் பக்கத்திலேயே நான்கு சட்னியோடு மல்லிகைப்பூப் போன்ற இட்லி கிடைக்கும். திரும்பும்போது ரயில் நிலையத்துக்கு அருகே சூடான அல்வாவை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுங்கள்.

பதில்: பசுமலை அக்கா

மேலே சொன்ன சகோதரர் வழியை அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவால் அவ்வளவு தூரமும் ஒரே மாலையில் நடக்க முடியாது. நான் உங்கள் பேருந்துத் தடத்திலேயே இருக்கிறேன், வேலைக்காக நாள்தோறும் பெரியார் நிலையம் சென்று வருகிறேன் என்பதால், போக்குவரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் மூன்று பெண்கள் என்பதால், நீங்கள் ஒருவர் மட்டும் சீட்டு எடுத்தால் போதும். இது பணத்தோடு மட்டும் முடிகிற விஷயமில்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் யாரிடமாவது காசு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலை போய், எங்கள் தெருவில் அறுபது வயதைக் கடந்த பெண்கள் கூட வெள்ளிக்கிழமை மாலையில் தாங்களாகவே கிளம்பிக் கோயிலுக்குப் போய் ஊஞ்சல் சேவையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உங்கள் அம்மாவும் வழி பழகிவிட்டால் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்.

அம்மாவுக்காக மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். திருநகரில் மாலை நான்கரைக்குள் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். அலுவலகமும் கடைகளும் விடும் நேரமாகிவிட்டால் திரும்பும் பேருந்துகளில் நிற்கக்கூட இடமிருக்காது. அடுத்தது, பெரியார் நிலையத்திலிருந்து அவரை நடக்க வைக்காமல் ஆட்டோவில் அழைத்துச் செல்லுங்கள். சித்திரை வீதிகளுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். அதற்கு முந்தைய முனைவரை ஆட்டோ வரும். வண்டி இல்லாத அந்த நான்கு வீதிகளில் கல் பாவியிருப்பதால் நடப்பது எளிது. கால் வலித்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம், நூறு பேர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக, இரவு ஒன்பதரைக்கெல்லாம் பெரியார் நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் நகரப் பேருந்துகள் குறைந்துவிடும். அப்புறம் ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வருவது அவருக்குச் சிரமம்.

கோயிலுக்குள்ளும் போவதாக இருந்தால், கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதை நினைவில் வைத்து, உள்ளே போகும் முன்பே எங்கே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: வடக்கு வெளி வீதி

ஐயா, இருவரும் சொன்னவற்றில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் சனி, ஞாயிறு மாலைகளில் வர வேண்டாம் என்று சொல்வேன். அந்த இரு நாட்களில் வெளியூர்க் கூட்டம் நிறைந்துவிடும். கடைக்காரருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது. செவ்வாய், புதன் போன்ற நாட்களில் வாருங்கள். அதோடு, ஒரே மாலையில் பருத்திப்பால், வடை, ஜிகர்தண்டா, கறி தோசை, அல்வா என்று எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது சுற்றுலா வந்தவர்கள் செய்வது. நீங்கள் இங்கே குடியிருக்க வந்தவர்கள். ஒரு நாளைக்கு ஒரு வீதி போதும். கீழ மாசி வீதியில் மளிகைச் சாமான் வாங்குங்கள், தெற்கு மாசிப் பக்கம் சுங்குடிச் சேலை பாருங்கள், அப்படி வந்த வேலையின் நடுவே ஏதாவது சாப்பிடுங்கள்.

பழக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பிறந்து வளர்ந்தது டவுனில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரே டீக்கடைக்குத் தொடர்ந்து போங்கள். காலையில் அங்கே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படிக்கும் கூட்டம் இருக்கும். மாலையில் கடை அடைத்தவர்களும் சுமை இறக்கி முடித்தவர்களும் ஆட்டோக்காரர்களும் வருவார்கள். சில வாரங்களில் உங்களுக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்காமலே டீ வரும். அதன்பிறகு எந்தத் தெருவில் எந்த வேளையில் தண்ணீர் வரும் என்பதிலிருந்து பிள்ளையின் டியூஷன் வரை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, திருவிழாக்களை வேடிக்கை பார்க்க மட்டும் வராதீர்கள். மீனாட்சி கோயிலில் ஏதாவது ஒரு மாதம் திருவிழா இல்லாமல் கழிவது அரிது. சித்திரைத் திருவிழாவில் சுவாமியும் அம்மனும் மாசி வீதிகளில் வரும் நாட்களில், முன்னால் பிள்ளைகள் வேடமிட்டும் கோலாட்டம் ஆடியும் போவார்கள். உங்கள் மகள் அதில் சேரலாம், பயிற்சி தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தலும் பானகப் பந்தலும் போடும்போது ஊற்றிக் கொடுக்க ஆள் போதாமல்தான் இருக்கும். ரமலான் மாதத்தில் காஜிமார் தெருப் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். பெரிய பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க எல்லா மதத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு நிற்பார்கள். கிறிஸ்துமஸ் இரவில் கீழவெளி வீதியில் மரியன்னை பேராலயத்தின் முன்னால் நடக்க இடமிருக்காது. இவையெல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் டவுனின் பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன்.

ஒரு வருத்தமும் உண்டு. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் வீடாக இருந்தவை ஒவ்வொன்றாகக் கிடங்காகவும் தங்கும் விடுதியாகவும் மாறி, இங்கே இரவில் தங்கும் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் சந்திலேயே பல வீடுகள் இருட்டாகிவிட்டன. அதனால்தான் உங்களைப் போல வெளியே குடியிருப்பவர்கள் திரும்பத் திரும்ப வந்து போக வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பேருந்து இப்போதே இருக்கிறது.

கேட்டவர்: திருநகர்ப் புதுவரவு

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்ன பேருந்து நேரத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்; வெள்ளிக்கிழமையே போகலாம் என்கிறார். வடக்கு வெளி வீதி ஐயாவிடம் ஒரு கேள்வி: மகளுக்குக் கோலாட்டம் சரி, அம்மாவும் பங்கெடுக்கும்படி ஏதாவது உண்டா? அதிக நேரம் நிற்க முடியாது, கூட்டத்தில் நடக்கவும் முடியாது. ஆனால் ஊரில் இருந்தபோது கோயில் காரியம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

பதில்: வடக்கு வெளி வீதி

நிச்சயம் உண்டு. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று எங்கள் வீதியில் உள்ள சேதுபதி பள்ளியில் ஊருக்கே கல்யாண விருந்து நடக்கும். அது 1904இல் பாரதியார் ஆசிரியராக வேலை பார்த்த பள்ளி. விருந்துக்கு வருபவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் போலச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிப் போவார்கள். முதல் நாள் இரவு அங்கே மலையாகக் காய்கறி குவிந்திருக்கும். அவற்றை நறுக்க அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆண்களும் தாங்களாகவே வந்து, நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் பெயர் கேட்பதில்லை. உங்கள் அம்மா தரையில் உட்கார வேண்டாம். நாற்காலி போட்டுத் தருவோம், மடியில் தட்டை வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கலாம். வீட்டிலிருந்து பழகிய கத்தியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மழுங்கியிருக்கும்.