ஈசிஜி இயல்பாக இருந்தும் ஆஞ்சியோகிராம் தேவையா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 64. படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டு, நின்றதும் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் இயல்பாகவே உள்ளன. டிரெட்மில் சோதனையில் மாறுதல் தெரிவதால் ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறுகிறார். இது அவசியந்தானா? சிடி ஆஞ்சியோகிராம் போதாதா?

மறுமொழி 1:
ஓய்வில் எடுத்த ஈசிஜியை வைத்து அடைப்பே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. 70 விழுக்காடு சுருங்கிய தமனிகூட, சும்மா அமர்ந்திருப்பவரின் இதயத்துக்குப் போதுமான இரத்தத்தைக் கொடுத்துவிடும். படியேறும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். டிரெட்மில் அந்தப் பற்றாக்குறையைக் காட்டுமே தவிர, அடைப்பு எந்தத் தமனியில், எந்த இடத்தில் என்று காட்டாது. அதை அறியவே மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியாக ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள குழலைச் செலுத்தி, அயோடின் கலந்த சாயத்தை இதயத் தமனிகளில் பாய்ச்சி எக்ஸ்ரே படமாகப் பதிவுசெய்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி அந்த இடத்தில் மட்டும் போடப்படும். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார்.

மறுமொழி 2:
அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு அல்லது நடுத்தரம் என்ற நிலையில், 'இல்லை' என்று உறுதிசெய்வதற்கு, தமனிக்குள் குழல் செலுத்தாமல் ஸ்கேன் மூலம் எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் மிகவும் பயன்படும். ஆனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால்தான் படம் தெளிவாக அமையும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். அடைப்பு தெரிந்து ஸ்டென்ட் (தமனியை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க வேண்டிவந்தால், குழல் செலுத்துவதைத் தவிர்க்க முடியாது.

மறுமொழி 3:
மாரடைப்பு வந்தவருக்கு ஆஞ்சியோகிராம் உயிர்காக்கும் அவசரம். அங்கே விவாதத்துக்கே இடமில்லை. தங்கள் தந்தையுடையதுபோல உழைப்பின்போது மட்டும் வரும் வலி வேறு கணக்கு. 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், இத்தகைய நிலையான நோயாளிகளிடையே ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் முதலிலேயே செய்தவர்களுக்கும், மருந்துகளுடன் தொடங்கியவர்களுக்கும் மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வலி குறைவதில்தான் முன்னவர்களுக்கு நன்மை தெரிந்தது. இடப்புற முதன்மைத் தமனியில் அடைப்பு இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, "முடிவு எதுவாக வந்தால் சிகிச்சை மாறும்? மருந்தை முதலில் முயலலாமா?" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பல இடங்களில் ஸ்டென்டுக்கும் சேர்த்தே முன்கூட்டிக் கையொப்பம் வாங்கிவிடுவதால், அதைப் பற்றியும் மேசையில் படுக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அவருக்கு நீரிழிவு உண்டு, மெட்ஃபார்மின் உட்கொள்கிறார்.

மறுமொழி 1:
அப்படியானால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தப் பரிசோதனையில் கட்டாயம் பாருங்கள். சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். இதற்கிடையே ஓய்விலும் வலி வந்தாலோ, முன்னைவிட அடிக்கடி வந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.