செம்பனைத் தோட்டத்தில் சாட்டிலைட் இண்டர்நெட் அடிக்கடி நிற்கிறது: தட்டில் குறையா, மரத்தாலா?

மண்டபத்துக் கூரை எழுதியது:
வணக்கம். எங்களுடையது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தோட்டம். மண்டபத்தில் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு இரவில் ஆன்லைன் டியூஷன் நடக்கிறது. அதற்காகத் தகரக் கூரையில் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் தட்டு வைத்திருக்கிறோம். ஸ்பீடு டெஸ்ட் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் காட்டுகிறது. ஆனால் பாடம் நடக்கும்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. நாலைந்து விநாடி கழித்துத்தான் குரல் திரும்புகிறது. பக்கத்திலேயே ஆஸ்ட்ரோ டிவி தட்டு சுத்தமாக வருகிறது. பிப்ரவரியில் பொருத்தியபோது இந்தப் பிரச்சினை இல்லை. வடக்கே செம்பனை, கிழக்கே பால்மரம். தட்டை மாற்றிவிடலாமா?

வடக்கு வானம் எழுதியது:
மாற்ற வேண்டாம், மரம்தான் காரணம். பிப்ரவரியில் பால்மரம் இலை உதிர்த்து மொட்டையாக நின்றிருக்கும். இப்போது தழைத்து வானத்தை அடைத்திருக்கும்.

ஆஸ்ட்ரோவோடு ஒப்பிடக் கூடாது. அந்த சாட்டிலைட் கிழக்கு 91.5 பாகையில், சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். பேராக்கிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 77 பாகை, அதாவது ஏறக்குறைய தலைக்கு மேல். மரங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருந்தாலே போதும். அவ்வளவு உயரத்து சாட்டிலைட்டில் இண்டர்நெட்டும் எடுக்கலாம், ஆனால் கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும்; நேரடி வகுப்பில் பேச்சு முட்டிக்கொள்ளும்.

உங்கள் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே ஓடுகிறவை. தாமதம் குறைவு. ஆனால் ஒரு சாட்டிலைட் சில நிமிடத்தில் கடந்துவிடும், தட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அது மட்டைக்குப் பின்னால் இருந்தால் அந்தச் சில விநாடி படம் நிற்கும். இன்னொன்று: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஆஸ்ட்ரோ மாதிரி நிலையான சாட்டிலைட்டுகளின் சிக்னலைக் குழப்பாமல் இருக்க, உச்சி வானத்தில் ஒரு பட்டையை ஸ்டார்லிங்க் போலத் தாழ்வாக ஓடும் சாட்டிலைட்டுகள் தவிர்த்தாக வேண்டும். அதனால் நேர் மேலே திறந்திருந்தால் மட்டும் போதாது. வடக்கும் தெற்கும் அகலமாகத் தெரிய வேண்டும். உங்கள் செம்பனை சரியாக அங்கேதான் நிற்கிறது.

இரும்புக் கம்பம் எழுதியது:
முதலில் ஸ்டார்லிங்க் ஆப்பில், வானம் எங்கே மறைகிறது என்று காட்டும் தடை வரைபடத்தைத் திறந்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். சிவப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கணக்கு இதுதான்: தட்டின் மட்டத்துக்கு மேல் 8 மீட்டர் நிற்கும் மரம் குறைந்தது 12 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். செம்பனை வருடத்துக்கு அரை மீட்டர் அளவில் வளரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரையில் கம்பம் உயர்த்துவதை விடத் திடல் ஓரத்தில் நடுவது நல்லது. கம்பம் ஆடினாலும் லைன் போகும். 2 இஞ்சு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், அடியில் கான்கிரீட். உடன் வரும் 15 மீட்டர் கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள், ஒட்டில் ஈரம் இறங்கும். தூரம் அதிகமென்றால் ரவுட்டரைத் தட்டுக்குப் பக்கத்தில் பூட்டிய பெட்டியில் வைத்து, அங்கிருந்து மண்டபத்துக்கு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். தகரச் சுவருக்குள் வைஃபை நுழையாது, மண்டபத்துக்குள் தனி ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வேண்டும்.

மண்டபத்துக் கூரை எழுதியது:
நன்றி அண்ணே. மழையில் போவதும் மரத்தாலா?

வடக்கு வானம் எழுதியது:
இல்லை. பெரிய மழைத்துளி அலையை உறிஞ்சிவிடும். அடைமழை தணிந்ததும் தானாக வரும், தட்டைத் திருப்பாதீர்கள். இடி மழை என்றால் பிளக்கையும் தட்டுக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால், பக்கத்தில் விழும் மின்னல் கேபிள் வழியாக ரவுட்டரைத் தாக்கும். கம்பத்துக்கு எர்த் அவசியம்.

கரண்ட் போனால்: தட்டும் ரவுட்டரும் சேர்ந்து 75 முதல் 100 வாட். 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டர் இழப்பு போக, ஐந்து மணி நேரம் ஓடும்.